சந்திரமதி முதுகில் இருந்த அரைக் கீல்

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டது. வெயில் தலைகாட்டும்போதே எங்கள் பொம்மலாட்டப் பொம்மைகளுக்குக் காற்றுக் காட்டிவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஐப்பசியில் எங்கள் பக்கம் உப்பு ஜாடி நீர்விடும், தீப்பெட்டி பற்றாது. பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிற மரம் மட்டும் சும்மா இருக்குமா? கோமாளி நன்றாக இருந்தான். விசுவாமித்திரர் தாடியில் லேசாகப் பூஞ்சை, துடைத்தால் போயிற்று. சந்திரமதியைச் சுற்றியிருந்த பழைய வேட்டியைப் பிரித்தேன். அவள் மடி நிறைய மாவு. சல்லடையில் சலித்தெடுத்தது மாதிரி அவ்வளவு மெல்லிசு.

இடது கையைத் தூக்கினேன். கை வந்தது, விரல் வரவில்லை.

உளுத்துவிட்டாள். எங்கள் செட்டில் வயதில் மூத்த பொம்மை இவள்தான். பெரியப்பா தன் கையால் செதுக்கியது. அரிச்சந்திரா மயான காண்டத்தில் மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு இவள் தலையைக் குனிந்தால் கொட்டகையில் குழந்தை அழுகிற சத்தம்கூட நின்றுவிடும். அவர் ஆட்டும்போது அப்படி. நான் ஆட்டியபோது குழந்தைகள் அழுதுகொண்டுதான் இருந்தன.

பொம்மலாட்டம் என்றால் விரலில் நூல் கட்டி ஆட்டுவது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ராஜஸ்தான் கட்புத்லி அப்படித்தான்; கால் கிடையாது, நீளப் பாவாடைதான். நம் பக்கத்துப் பொம்மை கனமான ஆசாமி. நாலரை அடி உயரம் வரைக்கும், பத்துக் கிலோ எடை வரைக்கும் இருக்கும். இந்தியாவில் மரபாக ஆடுகிற நூல் பொம்மைகளிலேயே பெரியது, கனமானது இதுதான். பத்துக் கிலோவை விரலால் தூக்கி இரண்டு மணி நேரம் ஆட முடியாது. அதனால் நூல்களெல்லாம் ஓர் இரும்பு வளையத்தில் போய்ச் சேரும். அந்த வளையத்தைச் சும்மாடு வைத்துத் தலையில் கிரீடம் மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கையிலும் இரண்டு கம்பி. அவை பொம்மையின் கைகளுக்கு. காலில் சலங்கை. பொம்மை ஆடுகிறது என்று ஜனங்கள் கேட்பது ஆட்டுகிறவன் கால் சத்தம். மேல் திரை எங்கள் தலையை மறைக்கும், பின் திரை எங்கள் காலை மறைக்கும், இரண்டுக்கும் நடுவே பொம்மை மட்டும் தெரியும். இதைத் தோல்பாவைக் கூத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது விளக்குக்கு முன்னால் தோலின் நிழலை ஆட்டுவது, அதை ஆடுகிற குடும்பங்கள் மராத்தி பேசுகிறவர்கள்.

தலையில் சுமக்கிற தொழில் என்பதால் கழுத்துதான் எங்களுக்கு முதல். பெரியப்பா கழுத்து தோளோடு ஒன்றாகி எருதுத் திமில் மாதிரி இருக்கும். நெற்றியில் முடி ஆரம்பிக்கிற இடத்தில் காதுக்குக் காது ஒரு காய்ப்பு ஓடும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப அவருக்கு வராது, ஆளே திரும்புவார். எனக்கு அவ்வளவு ஆகவில்லை. அதற்குள் போன சித்திரையில் கை மரத்துப்போய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தெலும்பு தேய்மானம், தலையில் பாரம் வைத்தால் நடக்கவே முடியாமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். இருபத்தேழு வருஷம் சந்திரமதியை ஆட்டியவன் நான். இனிமேல் அக்கா மகள்தான். கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். பத்து வயதிலிருந்து எங்கள் செட்டில் ஜால்ரா, பிறகு பின்பாட்டு, நாலு வருஷமாகக் கோமாளி. சந்திரமதியை அவளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்து வைத்திருந்த நேரத்தில்தான் இந்த மாவு.

அதனால் வேலை இரண்டாயிற்று: பொம்மையைப் பிழைக்க வைக்க வேண்டும், அதை ஐந்தடி ஓர் அங்குலப் பெண்ணின் உடம்புக்குத் தைக்கவும் வேண்டும்.

முதலில் எடை. பழைய பேப்பர் கடைத் தராசுக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் என்னையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விக்கிறதாங்க?" என்றார். பொம்மை மட்டும் 6 கிலோ 900. பட்டுப்புடவை, உள்பாவாடை 1 கிலோ 200. சடை, நகை, கண்ணாடிக் கல் எல்லாம் சேர்ந்து 1 கிலோ 300. ஆக 9 கிலோ 400. அந்தப் பெண் தலையில் இதை வைத்தால் அவள் கழுத்தும் ஐம்பது வயதில் என் கழுத்தாகிவிடும்.

உளுத்த மரத்தில் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் மருந்து போடுவது வீண். பொம்மையைத் தட்டித் துடைத்துக் கறுப்புத் துணிமேல் கிடத்தி ஒரு வாரம் தொடாமல் விட்டேன். எட்டாம் நாள் துணியில் நாலு இடத்தில் புது மாவு. இடது முழங்கை, இடது தோள், பின்கழுத்து, வலது இடுப்பு. சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டேன். தலையிலும் மார்பிலும் இருந்தவை பழைய ஓட்டைகள், பூச்சி பறந்து போய் வருஷக்கணக்காகியிருக்கும்.

மருந்துக்கு வெங்காரமும் போரிக் பவுடரும். வெங்காரம் நாட்டுமருந்துக் கடையில் கிடைத்தது, பொற்கொல்லர்கள் நகை பற்றவைக்கப் பயன்படுத்துவது. போரிக் பவுடர் நாம் கேரம் போர்டில் தூவுவதுதான். வெங்காரம் 150 கிராம், போரிக் 100 கிராம், இரண்டரை லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்தேன். ஆறினால் அடியில் படியும். சூட்டோடு பூச வேண்டும். பெயிண்ட் மேல் பூசினால் வழிந்து தரைக்குத்தான் போகும், மரம் குடிக்காது. வட்டம் போட்ட இடங்களில் வெறும் மரம் தெரிகிற வரைக்கும் சுரண்டி, காலை மாலை மூன்று நாள் பூசினேன். ஓட்டைக்குள் ஊசி சிரிஞ்சால் ஏற்றினேன். ஒரு ஓட்டையில் ஏற்றினால் நாலு விரல் தள்ளி இன்னொரு ஓட்டையில் வழிந்தது. உள்ளே அத்தனை சுரங்கம்.

சுரண்டும்போது ஒரு வேடிக்கை. தோளில் ஒரு சில்லு பெயர்ந்தது. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் அடுக்கு அடுக்காகப் பெயிண்ட், எண்ணினேன், ஒன்பது. மேலே இருக்கிற ரோஸ் எனாமல் நான் அடித்தது. அதற்குக் கீழே இன்னொரு ரோஸ், அதுவும் நான்தான். கீழே போகப் போக மஞ்சள். அடியில் பட்டி பார்க்கிற வெள்ளை மக்கின்மேல் மங்கலான ஒரு சந்தன மஞ்சள், அதில் பளபளப்பே இல்லை. பெரியப்பா முதலில் போட்டது அதுதான். அவர் காலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். மங்கல் பூச்சு அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு முகத்தைக் காட்டும். நான் எனாமல் அடித்த பிறகு எல்.இ.டி. ஃபோகஸ் வந்தது. கன்னம் தவலைப் பானை மாதிரி மின்னி, கண்ணும் புருவமும் காணாமல் போயின. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஒரு வெள்ளை உருண்டை பேசுவது மட்டும் தெரிந்திருக்கும். குழந்தைகள் அழுகையை நிறுத்தாததற்கு என் ஆட்டம் மட்டும் காரணமில்லை என்று ஒரு சின்ன ஆறுதல். முகத்தில் அந்தச் சந்தன அடுக்கு வரைக்கும் மட்டும் உரித்து நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே போக இஷ்டமில்லை.

இடது கையை முழங்கைக்குக் கீழே அப்படியே மாற்ற வேண்டியதாயிற்று. எங்கள் பொம்மைக்கு மரம் கல்யாண முருங்கை. வேலியோரம் நிற்குமே, முள்ளோடு, மாசி பங்குனியில் இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூக்குமே, அது. இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டினால் சளிக்கு நல்லது. மரம் எடையே இருக்காது, உளி வெண்ணெயில் போவது மாதிரி போகும். அதனால்தான் பொம்மைக்கு ஆகிறது. அதே காரணத்தால்தான் பூச்சிக்கும் பிடிக்கிறது. தேக்கில் செய்தால் பூச்சி வராது, ஆனால் ஆட்டுகிறவன் இருக்கமாட்டான்.

போன வருஷம் கொல்லையில் வெட்டிய ஒரு தொடைப்பருமன் கட்டை கைவசம் இருந்தது. இரண்டு முனையிலும் சாணி அப்பி, தென்னங்கீற்றுக் கொட்டகை நிழலில் போட்டு வைத்திருந்தேன். முனையைப் பூசாமல் விட்டால் ஈரம் அந்த வழியாகவே சீக்கிரம் ஓடி, கட்டை நட்சத்திரம் மாதிரி வெடித்துவிடும். அறுத்துப் பார்த்தேன், நடுவரை காய்ந்திருந்தது.

கை செதுக்குவதில் கற்றுக்கொள்ள ஏதுமில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அளவுக்கு மட்டும் பழைய வலது கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்கினேன். முதல் கை பார்க்க அழகு, விரலெல்லாம் தனித்தனியாக. கம்பியில் மாட்டித் தூக்கினேன். பிச்சை கேட்பது போல இருந்தது. பெரியப்பா செய்த கையில் நாலு விரலும் ஒட்டியே இருக்கும், நடுவில் கோடு மட்டும். கட்டைவிரல் மட்டும் விலகி நிற்கும். உள்ளங்கை கொஞ்சம் குழிந்து, மணிக்கட்டிலிருந்து வெளிப்பக்கம் ஒரு சாய்வு. அந்தச் சாய்வு இருந்தால் கை மார்பில் வந்தால் அழுகை, முன்னால் நீண்டால் கேள்வி, மேலே போனால் ஆசீர்வாதம். ஒரே கை மூன்று காரியம் செய்கிறது. இரண்டாவது கையை அப்படிச் செதுக்கினேன். மணிக்கட்டுக்குத் தோல் வார்: முன்கையின் முனையில் ஒரு பிளவு, கையின் முனையில் ஒரு பிளவு, நடுவில் இரண்டு விரல் அகலச் செருப்புத் தோல், இரண்டு பக்கமும் சின்ன ஆணி. தோல் புதுசாக இருந்தால் விறைப்பாக நிற்கும். விளக்கெண்ணெய் போட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன்.

ஓட்டைகளை அடைக்கப் புளியங்கொட்டைக் கூழ். கொட்டையை வறுத்து, ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்ச வேண்டும். அதில் சலித்த மரத்தூள், கொஞ்சம் சுக்கான் பொடி, பூச்சிக்கு ஒரு சிட்டிகை மயில்துத்தம். கடையில் இரண்டு உருண்டையாக விற்கிற மக்கு வாங்கிப் பிசைந்து அடைத்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும். ஆனால் அது கல் மாதிரி கனக்கும். அந்தப் பாடம் போன தடவை கோமாளி மூக்கில் படித்தேன். ஒரு மாதம் கோமாளி எல்லாரையும் முட்டப் போகிறவன் மாதிரியே ஆடினான்.

இங்கேதான் நான் தப்புச் செய்தது.

சந்திரமதியின் முதுகில், இடுப்புக்கு மேலே, புடவைக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு. நாலு திருகாணி. துருப்பிடித்து மரத்தையும் கறையாக்கியிருந்தது. இத்தனை வருஷமும் அதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ விரிசலுக்குப் போட்ட ஒட்டு என்று விட்டிருந்தேன். இந்தத் தடவை எடை குறைக்கிற வெறியில் கழற்றினேன். தகடு மட்டும் 350 கிராம். கீழே விரிசல் ஒன்றும் இல்லை. பெரியப்பா எதற்கு நல்ல மரத்தில் திருகாணி அடித்தார் என்று சிரித்துக்கொண்டே ஓட்டையை அடைத்தேன்.

தை பிறந்ததும் நூல் கட்டித் தொங்கவிட்டேன். அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வளையத்தை மாட்டிக்கொண்டு இரண்டு நடை நடந்தாள். நின்றாள்.

"மாமா, இவ எதுக்குத் தரையையே பாத்துக்கிட்டிருக்கா?"

"நீ குனியறே. நிமுந்து நில்லு."

"நிமுந்துதான் நிக்கறேன். நீங்க வந்து பாருங்க."

முன்னால் போய்ப் பார்த்தேன். பெண் சொன்னது சரி. ஆட்டுகிறவள் நேராக நிற்கிறாள், பொம்மை எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறது. தலை நூலைக் குறைத்தேன். முகம் நிமிர்ந்தது, உடம்பு இன்னும் முன்னால் சாய்ந்தே இருந்தது, கழுத்து முறிந்தவள் மாதிரி ஆயிற்று. தோள் நூலை இழுத்தேன், நீட்டினேன். இரண்டு நாள் போயிற்று. வீட்டில், "அது உங்களப் பாக்கப் பிடிக்காமதான் கீழ பாக்குது" என்றார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் மிருதங்கக்காரர் வந்தார். பெரியப்பாவோடு ஊர் ஊராகப் போனவர். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, ஜன்னல் திண்டில் கிடந்த தகட்டைப் பார்த்தார்.

"இத ஏண்டா கழட்டினே?"

"சும்மா கிடந்துச்சு."

"சும்மாவா? அது சத்திரத்துக் கதவுக் கீலு."

அப்புறம்தான் கதை வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஊரில் பத்து நாள் ஆட்டம். அந்தக் காலத்தில் ராமாயணம் என்றால் பட்டாபிஷேகம் வரைக்கும் பத்து ராத்திரி போகும், கூலியில் பாதி நெல்லாக வரும், கொட்டகையிலேயே சமையல், சத்திரத்தில் படுக்கை. வண்டியிலிருந்து பெட்டி இறக்கும்போது சந்திரமதி விழுந்து வயிற்றில் பெரிய சில்லாகப் பெயர்ந்துவிட்டது. அடுத்த நாள் அரிச்சந்திரா கேட்டிருக்கிறார்கள். பெரியப்பா குங்கிலியத்தை உருக்கிச் செங்கல் தூள் கலந்து வயிற்றை அடைத்தார். அடைத்துத் தொங்கவிட்டால் இதே மாதிரி தரையைப் பார்த்தாள். முன்பக்கம் கனத்துவிட்டது. வேறு வழியில்லாமல் சத்திரத்தில் ஆடாமல் கிடந்த ஒரு கதவின் கீலைக் கழற்றி, நடு ஆணியைத் தட்டி இரண்டாக்கி, ஒரு பாதியை முதுகில் அடித்தார். ராத்திரி ஆட்டம் நடந்தது.

"மத்த பாதி?" என்று கேட்டாள் அக்கா மகள்.

"சத்திரத்துலயேதான் இருக்கும். போயிப் பாத்துட்டு வா," என்றார் மிருதங்கக்காரர்.

ஒரு ராத்திரிக்குச் செய்த ஒட்டு. அதற்கு மேல் அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. இருபத்தேழு வருஷம் அந்தக் கீலையும் அது ஈடுகட்டிய செங்கல் தூளையும் சேர்த்துத் தலையில் சுமந்திருக்கிறேன்.

பொம்மையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். மார்பில் தட்டினால் டொக் என்று பறைமாதிரி கேட்டது, தொப்புளுக்கு மேலே தட்டினால் சத்தமே இல்லை. உளியை வைத்ததும் சிவப்பாகத் தூள் வந்தது. தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கட்டி. கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுத்து நிறுத்தேன், 400 கிராம். அந்தக் குழியில் கல்யாண முருங்கைத் துண்டு ஒன்றை அளவுக்குச் செதுக்கிப் பொருத்தி, சுற்றிலும் புளியங்கொட்டைக் கூழ். தொங்கவிட்டேன். இன்னும் நூலிழை முன்சாய்வு. தோள் கொக்கி இரண்டையும் கால் அங்குலம் முன்னால் நகர்த்தினேன். கொக்கி எடைமையத்துக்கு நேர் மேலே இருந்தால் பொம்மை தானாகவே நிமிரும். பின்னால் இருந்தால் எவ்வளவு நூல் இழுத்தாலும் குனியும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டால், "மாட்டிப் பாரு, கழுத்து சொல்லும்" என்று முடித்துவிடுவார். சொல்லித்தருவது என்றால் அவருக்கு அவ்வளவுதான். செட்டில் சேர்ந்து முதல் இரண்டு வருஷம் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்தேன், மூன்றாம் வருஷம் திரைக்குப் பின்னால் சலங்கை கட்டி நடக்கச் சொன்னார், பொம்மை இல்லாமல், வெறும் சும்மாட்டோடு.

நூல் விஷயத்துக்கு வருகிறேன். முறுக்கின கறுப்புப் பருத்தி நூல், தேன்மெழுகு தேய்த்தது. நைலான் போடலாமே என்று சில பேர் சொல்வார்கள். முடிச்சு நிற்காது, ஃபோகஸ் பட்டால் மின்னும். பருத்திக்கும் குணக்கேடு உண்டு. மழை ராத்திரியில் ஈரம் பட்டால் சுருங்கும், பொம்மை ஒரு விரல் அந்தரத்தில் நிற்கும். மெழுகு தேய்ப்பது அதற்குத்தான், முழுசாகக் கேட்காது. எங்கள் சந்திரமதிக்கு ஐந்து நூல்: காதோரம் இரண்டு, தோளில் இரண்டு, இடுப்பின் பின்னால் ஒன்று. அந்த ஐந்தாவது நூல் நமஸ்காரத்துக்கு. திருக்குறள் 1020இல் வள்ளுவர் மரப்பாவையைச் சொல்லியிருக்கிறார். நாண் இல்லாதவன் நடமாட்டம், நாணால் உயிருள்ளதுபோல் மயக்குகிற மரப்பாவை மாதிரி என்கிறார். வெட்கத்துக்கும் நாண், கயிற்றுக்கும் நாண். பெரியப்பாவுக்கு அந்தக் குறள்மேல் கோபமும் உண்டு, பெருமையும் உண்டு. "நம்மள வச்சுத்தான் திட்டியிருக்காரு. ஆனா திரைக்குப் பின்னாடி வந்து பாத்திருக்காருடா" என்பார்.

பெரியப்பா ஐந்தடி ஒன்பது அங்குலம். வளையத்திலிருந்து பொம்மை உச்சிக்கு அவர் கட்டிய நூல் பதினெட்டு அங்குலம். எனக்கு ஐந்தடி நாலு, நூல் பதின்மூன்று. அக்கா மகளுக்குப் பத்து வைத்தேன். நேராக நின்றால் பொம்மையின் புடவைக் கரை பலகையைத் தொட்டும் தொடாமலும் வரவேண்டும், அதுதான் கணக்கு. வளையத்தையும் புதிதாக வளைத்தோம். பழைய வளையம் பெரியப்பா தலைக்கு அடித்தது, நான் கந்தல் சுற்றிச் சுற்றி அதை என் தலையில் நிறுத்தியிருந்தேன். அக்கா மகள் ஜடையை எங்கே போடுவது என்று ஒரு பிரச்சினை வந்தது. கொண்டையை உச்சியில் போட்டு, அதையே சும்மாட்டில் சேர்த்துக்கொண்டாள். எங்கள் யாருக்கும் இல்லாத வசதி.

கைக் கம்பிகளை மட்டும் நான் ஒருநாளும் வெட்டியதில்லை. பெரியப்பா பிடித்த கம்பி, இருபத்தாறு அங்குலம், பிடி அவர் கைபட்டு வழவழவென்று தேய்ந்தது. அவர் கை எனக்கு மேலே இருந்தது. அதே கம்பியை நான் பிடித்தால் முழங்கை தோள் உயரத்துக்கு வந்துவிடும். அப்படியே ஆடினேன். கழுத்துத் தேய்மானத்துக்கு டாக்டர் சொன்ன காரணம் பாரம். எனக்கென்னவோ இந்தக் கம்பிக்கும் அதில் பங்கு உண்டு என்று படுகிறது. இவளுக்காக இருபத்திரண்டு அங்குலமாக வெட்டச் சொன்னபோது பட்டறைக்காரர் நறுக்கென்று வெட்டிவிட்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புடவை பட்டு வேண்டாம் என்று இவளே சொன்னாள். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பதில் ஒரு லாபம், ஜரிகை மாதிரியே தெரிகிற லேசான துணி எது என்று அவளுக்குத் தெரியும். 600 கிராமில் முடிந்தது. கண்ணாடிக் கல் நகையை எடுத்துவிட்டு, தெர்மாகோலில் தங்கக் காகிதம் ஒட்டி, ஒட்டியாணம், வங்கி, நெற்றிச்சுட்டி. நகை, சடை எல்லாம் 500. மயான காண்டத்தில் அவளுக்கு நகையே கிடையாது என்பது வேறு விஷயம். பொம்மை 6 கிலோ 200 ஆகியிருந்தது. ஆக 7 கிலோ 300.

வர்ணம் மூன்று நாள். எனாமல் இல்லை, மங்கல் பூச்சு, பெரியப்பாவின் சந்தன மஞ்சளைத் தேடிப்பிடித்துக் கலந்தேன். புருவத்தைக் கனமாக எழுதினேன். கண்ணைக் கடைசியில், விடியற்காலையில், குளித்துவிட்டு வந்து. சுவாமிமலையில் சிலைக்குக் கண் திறப்பதற்கு நாள் பார்ப்பார்கள். எங்களுக்கு அவ்வளவு ஆசாரம் இல்லை, ஆனால் பல் தேய்க்காமல் கண் எழுதமாட்டோம். இடது கண் ஒரு மயிரிழை பெரிதாகிவிட்டது. அழித்து எழுதலாமா என்று யோசித்தேன். திரையிலிருந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தேன், அழப் போகிறவள் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

மாசியில் அரசலாற்றங்கரையில் ஒரு மாரியம்மன் கோயிலில் ஆட்டம். பத்து ராத்திரி எல்லாம் இப்போது யார் கேட்கிறார்கள்? ஒன்றரை மணி நேரம், அதற்குள் அரிச்சந்திரா, எட்டரைக்குள் முடிக்க வேண்டும், ஒன்பது மணிக்கு ஆர்க்கெஸ்ட்ரா. மற்ற நாளில் பள்ளிக்கூடத்தில் டெங்கு கொசு, ஓட்டுப் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். அதிலெல்லாம் கோமாளிதான் கதாநாயகன், சந்திரமதிக்கு வேலை இல்லை. பழைய ஆட்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. கொசு ஆட்டம் இல்லாவிட்டால் வெங்காரம் வாங்கக் காசு ஏது?

நான் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னால் போகவேண்டாம் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டது. சந்திரமதி நுழைந்தாள். பார்வை நேராக, ஜனங்களின் தலைக்குக் கொஞ்சம் மேலே. மயானத்தில் பிள்ளையை மடியில் போட்டுக் குனிகிற இடத்தில் அக்கா மகள் ஒரு காரியம் செய்தாள். பெரியப்பா ஒரேயடியாகக் குனிவார். இவள் முதலில் தலையை மட்டும் சாய்த்து, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் அந்த ஐந்தாவது நூலால் உடம்பைக் குனிய வைத்தாள். பாட்டு இரண்டு ஆவர்த்தனம் தாண்டிப் போய்விட்டது, நான் சமாளித்து வாசித்தேன். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதுகொண்டேதான் இருந்தது. அதற்குப் பசி என்று பிறகு தெரிந்தது.

ஆட்டம் முடிந்து வளையத்தைக் கழற்றியவள் கழுத்தைத் தேய்க்கவில்லை, இடது தோளைத் தேய்த்தாள்.

"எடது கம்பி நீளம் மாமா. அரை அங்குலம்."

"ரெண்டும் ஒரே அளவுதான்."

"பொம்மைக்கு ஒரே அளவு. எனக்கு எடது கை குட்டை."

அளந்து பார்த்தோம். நிஜமாகவே கால் அங்குலம் குட்டை, அவளுக்கே அதுவரைக்கும் தெரியாது. மறுநாள் காலையில் நானே ரம்பத்தால் அரை அங்குலம் வெட்டினேன், இந்தத் தடவை பார்த்துக்கொண்டே. வெட்டிய முனையை அரத்தால் மழுக்க மறந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு வந்தவள் கம்பியைப் பிடித்ததும் கத்தினாள். உள்ளங்கையில் மூன்று நாள் பிளாஸ்திரி.

கீல் பாதி இப்போது பெட்டி மூடியைத் தாங்கி நிறுத்துகிற முட்டாக இருக்கிறது. அடுத்து சந்திரமதியின் பிள்ளை லோகிதாசன். கால் விரலை எலி கடித்திருக்கிறது.